கன்று நடும் முன் புதரைப் பாருங்கள்: ஊர்ச் செடிகளை அறியவும் காக்கவும் ஒரு வழிகாட்டி

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து ஊர் ஏரிக்கரையில் நாற்பது பேர் சேர்ந்து கன்று நட்டோம். நடுவதற்கு இடம் வேண்டுமே என்று முந்தின நாளே ஜேசிபி வைத்துக் கரையோரப் புதரையெல்லாம் வழித்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் குழி எடுத்துக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் அந்தக் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏன் தம்பி, காசாஞ்செடியையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு இந்தக் குச்சிய நடுறீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் காசான் என்றால் என்னவென்றே அன்று எனக்குத் தெரியாது. நாங்கள் நட்டதில் பாதிக்கு மேல் தூங்குமூஞ்சி, மீதி குல்மொஹரும் புங்கனும். தூங்குமூஞ்சிக்குச் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா, குல்மொஹருக்கு மடகாஸ்கர். அந்தக் கோடையிலேயே பெரும்பாலும் காய்ந்து போயின. குவியலில் கிடந்தவை காசான், காரை, களா, குருந்து, சின்னச் சின்ன வீரை. தண்ணீர் ஊற்ற யாரும் இல்லாமல், ஆட்டுக்கும் வெயிலுக்கும் தப்பிப் பல வருடம் அங்கேயே நின்றவை.

அதனால் இந்த வழிகாட்டியை "கன்று நடுவது எப்படி" என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. நடுவது கடைசி வேலை. முதல் வேலை, உங்கள் ஊரில் ஏற்கெனவே நிற்பது என்னவென்று நாலு பேராகப் போய்ப் பார்ப்பது. நான் இருப்பது விழுப்புரம் பக்கம், அதனால் இங்கே உள்ள காட்டை வைத்தே சொல்கிறேன். கொங்குப் பகுதியிலோ தேரிக்காட்டுப் பக்கமோ இருப்பவர்களுக்குச் செடிகளின் பெயர் மாறும், செய்ய வேண்டிய முறை பெரிதாக மாறாது.

புதர் மாதிரி தெரிகிற காடு

ஆந்திரக் கடற்கரையிலிருந்து இராமநாதபுரம் வரை, சோழமண்டலக் கரையோரமாக ஒரு காலத்தில் பரவியிருந்த காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். பெயர் நீளம், ஆனால் விஷயம் எளிது. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் காணாமல் போகும். இந்தக் காட்டு மரங்களோ பெரும்பாலும் அந்த வறட்சியிலும் இலையைக் கொட்டாமல் பச்சையாகவே நிற்கும். இலை சிறிசு, தடிப்பு, மேலே பளபளப்பு. மரங்கள் அதிக உயரம் போகாது. வெட்டு, மேய்ச்சல், தீ என்று அடி வாங்கிய இடங்களில் இதே காடு இடுப்பு உயரப் புதராகச் சுருங்கிக் கிடக்கும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதற்குப் பெயர் தரிசு அல்லது புறம்போக்கு. "வெறும் முள்ளுப் புதர்தானே" என்று நாமும் தாண்டிப் போய்விடுவோம்.

மிச்சம் நன்றாக இருக்கும் இடங்களை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள், அப்போதுதான் உங்கள் ஏரிக்கரைப் புதர் எதனுடைய துண்டு என்று புரியும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, கோடியக்கரை சரணாலயத்தின் பாலை மரங்கள், சென்னைக்காரர்களுக்கு நன்மங்கலமும் கிண்டி தேசியப் பூங்காவும், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் கோயில் காடுகள். கீழ்புத்துப்பட்டில் வெயிலிலிருந்து மரத்தடிக்குள் நுழையும்போதே காற்று மாறும், நீங்களே உணர்வீர்கள்.

முதல் நடை

எட்டுப் பேர் போதும், பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் முன்னால் நிற்பவர்கள் மட்டும் செடியைப் பார்ப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள். குழந்தைகளை அழைத்து வாருங்கள், தரையோடு தரையாக இருப்பதை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். மூன்று மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். முழுக்கைச் சட்டை, கால் மூடிய செருப்பு அல்லது ஷூ, தண்ணீர், தொப்பி. சூரை முள் சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்காமல் ஒரு அடி பின்னால் வந்து விடுவித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனை பேர், என்ன தேதி, எதற்காக என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி ஒரு வாரம் முன்பே கொடுங்கள். அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். ஏரி, குளம் என்றால் ஊராட்சித் தலைவரிடமோ கவுன்சிலரிடமோ சொல்லிவிட்டுப் போவது நல்லது, பின்னால் வேலை செய்யும்போது அந்த அறிமுகம் உதவும்.

கோயில் காடு வேறு மாதிரி. அங்கே அனுமதி தருகிறவர் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும். பல கோயில் காடுகளில் சுள்ளி கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, சிலவற்றில் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் செருப்புப் போடக் கூடாது, சில நாட்களில் உள்ளே போகவே கூடாது. காரணம் கேட்டு வாதம் செய்யாதீர்கள். வனத்துறை வருவதற்கு முன்பிருந்தே அந்தக் காட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் கட்டுப்பாடுதான். முதல் தடவை போகும்போது நோட்டுப் புத்தகம், கேமரா எதையும் நீட்டாமல், சாமி கும்பிட்டுவிட்டு, பூசாரியிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். இரண்டாவது தடவை அவரே கூட நடந்து வருவார். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, அவர் காட்டித்தான் நெய்க்கொட்டானும் பூந்திக்கொட்டையும் ஒரே மரம் என்று தெரிந்தது.

எப்படிப் பார்ப்பது, எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது

ஆரம்பத்தில் எல்லாமே ஒரே பச்சையாகத் தெரியும். மலைத்துப் போகாதீர்கள். ஒரு நடைக்கு ஐந்து செடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரிகிற அளவுக்குப் பழகுங்கள். நான் புதியவர்களுக்கு முதலில் காட்டுவது இவை. குருந்து: இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். பாலை: இலை நுனி உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும், காம்பைக் கிள்ளினால் பால் வரும், கோடையில் மஞ்சள் பழம் தின்றால் உதடு ஒட்டும். காசான்: இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், கோடையில் கிளைக் கணுக்களில் கொத்துக் கொத்தாக நீலப் பூ. அந்த நீலத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. அப்புறம் காரையின் ஜோடி முள், களாவின் பாலும் வெள்ளைப் பூவும்.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்ல துணை, ஆனால் நீங்கள் கொடுக்கிற படத்தைப் பொறுத்துத்தான் அது பதில் சொல்லும். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், கீழ்பக்கம், இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறி இருக்கின்றனவா என்று தெரியும்படி ஒன்று, பூ, காய், மரமென்றால் பட்டை. இத்தனையும் எடுங்கள். செயலி சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள், அடுத்தவர்கள் வந்து உறுதி செய்யும் வரை அது ஊகம்தான். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் படத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். நன்னாரி, செங்காந்தள் போல மருந்துக்காகத் தோண்டி எடுக்கப்படும் செடிகளுக்கு மட்டும் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைத்து வையுங்கள், அந்த வசதி ஐநேச்சுரலிஸ்டிலேயே இருக்கிறது.

ஊர்ப் பெயரையும் தாவரவியல் பெயரையும் இரண்டையுமே எழுதுங்கள். ஒரே பெயர் பல செடிக்கு இருக்கும். பாலை என்று ஒருவர் சொன்னால் அது நான் மேலே சொன்ன பாலையாக (தாவரவியல் பெயர் மணில்காரா) இருக்கலாம், வெட்பாலையாக இருக்கலாம், ஏழிலைப்பாலையாகவும் இருக்கலாம், மூன்றும் முற்றிலும் வேறு வேறு மரங்கள். அதற்காக ஊர்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆடு மேய்ப்பவர்கள், பச்சிலை பறிப்பவர்கள், வேலி கட்டுபவர்கள், பழைய விறகு வெட்டிகள், இவர்களிடம் இருக்கிற பெயர்களும் பயன்களும் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. நடைக்கு அவர்களில் ஒருவரை அழைத்து வாருங்கள், அன்றைய கூலி போகுமென்றால் அதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் பேசும்போது யாரும் குறுக்கே கூகுள் செய்து திருத்த வேண்டாம்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். மாதத்துக்கு ஒரு புது இடம் பார்ப்பதில் உற்சாகம் இருக்கும், ஆனால் ஒரே ஏரிக்கரையைப் பன்னிரண்டு மாதமும் பார்த்தவருக்குத்தான் எது எப்போது பூக்கிறது, எது காய்க்கிறது, எந்தப் பறவை எதைத் தின்கிறது, எங்கே புதிதாக நாற்று முளைத்திருக்கிறது என்று தெரியும். விதை சேகரிக்க அதுதான் அடிப்படை. பத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை இலை, பூ, காய் என்று மூன்று கட்டத்தில் குறித்து வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை மிகச் சரியாகச் செய்வார்கள், மரங்களின் பருவ மாற்றங்களைப் பொதுமக்கள் பதிவு செய்கிற சீசன்வாட்ச் திட்டத்திலும் அந்தக் குறிப்புகளைச் சேர்க்கலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: எதையும் வாயில் வைக்காதீர்கள், கூட வந்த ஊர்க்காரர் தானே தின்று காட்டும் களாவும் பாலைப்பழமும் தவிர. குன்றிமணியும் செங்காந்தள் கிழங்கும் உயிருக்கே ஆபத்து. பூனைக்காலிக் காயின் சுணை பட்டால் அரிப்பு தாங்காது. கல்லையும் கட்டையையும் கையால் புரட்டாதீர்கள், சுருட்டை விரியன் அங்கேதான் படுத்திருக்கும். கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது, அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கை வைத்துச் செய்கிற வேலை

நாலைந்து நடைக்குப் பிறகு "நாம் ஏதாவது செய்ய வேண்டும்" என்று எல்லோருக்கும் தோன்றும். சரி, எங்கே ஆரம்பிப்பது? குப்பை பொறுக்குவதில் ஆரம்பியுங்கள். கோயில் காட்டில் ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் போய் நில்லுங்கள், சாக்கு சாக்காக பிளாஸ்டிக் கப் எடுப்பீர்கள். பூசாரிக்கும் திருவிழாக் குழுவுக்கும் உங்கள் மேல் நம்பிக்கை பிறப்பது அந்த நாளில்தான். அடுத்த வருடம் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று காட்டின் ஓரத்தை வெட்டப் பேச்சு வரும்போது, உங்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். பேவர் பிளாக், மண்டபம், சுற்றுச்சுவர் என்று கோயில் பெரிதாகப் பெரிதாகக் காடு சுருங்குகிறது. அதைத் தடுக்க முடிவது உள்ளூர் மனிதர்களின் பேச்சால் மட்டும்தான், வெளியிலிருந்து மனு போட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அடுத்தது களை. சீமைக் கருவேலம் மத்திய, தென் அமெரிக்கப் பக்கமிருந்து வந்தது. மேலே வெட்டினால் மறுபடி நாலு கிளையாகத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். பெரிய மரங்களில் கை வைக்கும் முன் சின்னக் கன்றுகளை எடுத்துத் தீருங்கள். நல்ல மழை பெய்த இரண்டாம் நாள் மண் இளகியிருக்கும்போது கையுறை போட்டு இழுத்தால் முழு வேரும் வரும், பத்துப் பேர் ஒரு காலையில் பெரிய பரப்பைச் சுத்தமாக்கலாம். பெரிய மரங்களை ஒரே நாளில் ஜேசிபி வைத்து வாரி எடுக்காதீர்கள், தயவுசெய்து. அவற்றின் நிழலில் காரையும் குருந்தும் முளைத்து நிற்கும், பறவை எச்சத்தில் விழுந்த விதைகள். மொட்டையாக்கிய மண்ணில் முதலில் முளைப்பது மறுபடி சீமைக் கருவேலம்தான், அதன் விதை மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும். துண்டு துண்டாக எடுங்கள், எடுத்த இடத்தில் உள்ளூர்ச் செடி தழைத்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். அந்த மரத்தை நம்பிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களோடு பேசி, வெட்டுகிற மரம் அவர்களுக்குப் போகும்படி செய்யுங்கள். உண்ணிச்செடி என்றால் தூருக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கும் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் காய்ந்துவிடும். பழம் வருவதற்கு முன் செய்யுங்கள்.

களை எடுக்கும் முன் ஒரு ஏற்பாடு அவசியம். காப்பாற்ற வேண்டிய உள்ளூர்ச் செடிகள் எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். புதிதாக வந்த தன்னார்வலர் கையில் அரிவாள் இருக்கும், கண்ணில் அடையாளம் இருக்காது. எங்கள் குழுவில் துணி கட்டாமல் ஒரு நாளும் வேலை ஆரம்பிப்பதில்லை.

காகித வேலையும் உண்டு, பலருக்கு அது பிடிக்காது, ஆனால் பலன் பெரிது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வருடம் எழுதிய பட்டியல் அந்தப் பதிவேட்டுக்கு நேராகப் பயன்படும், ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டுக்கும் அந்த மதிப்பு கிடைத்தது, அது வெறும் 4.97 ஹெக்டேர். சின்ன இடம்தானே என்று உங்கள் ஊர்க் காட்டை நீங்களே குறைத்து மதிப்பிடாதீர்கள்.

விதை, நாற்று, கடைசியாக நடவு

இந்தக் காட்டு மரங்களில் பல சாதாரண நர்சரியில் கிடைக்காது. பாலைக் கன்று மட்டும் சில இடங்களில் இருக்கும், சப்போட்டா ஒட்டுக்கட்ட அதைத்தான் வேர்ச்செடியாக வைக்கிறார்கள். மற்றதை நாமே முளைக்கப் போட வேண்டும், அதற்கு வீட்டு மொட்டை மாடியே போதும்.

விதையை அந்தப் பகுதியிலேயே எடுங்கள், ஒரே தாய் மரத்தில் எடுக்காமல் முடிந்தால் பத்து மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கீழே விழுந்ததில் பாதிக்கு மேல் பறவைக்கும் மரநாய்க்கும் அந்தக் காட்டுக்குமே விட்டுவிடுங்கள். கோயில் காட்டில் பூசாரி சம்மதித்தால் மட்டும். சதைப்பற்றுள்ள பழமென்றால் சதையைக் கழுவி நிழலில் ஈரம் வடியவிட்டு உடனே போடுங்கள். நாவல், வேம்பு இரண்டையும் காயவைத்துச் சேமிக்க நினைத்தால் வீணாகும், சில நாளுக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். பூந்திக்கொட்டைக்குத் தோல் கல் மாதிரி, உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து ஒரு இரவு ஊற வையுங்கள். ஆவாரை விதைக்குச் சுடுதண்ணீர் ஊற்றி அப்படியே மறுநாள் வரை விட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். பாலை, வீரை, காசான் எல்லாம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

நாற்றுப் பைக்கு மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பை அகலத்தைவிட ஆழமாக இருக்கட்டும், ஏனென்றால் இந்த இனங்கள் மேலே ஒரு சாண் வளரும் முன் கீழே நீளமாக வேர் விடும். தேதி, இடம், தாய் மரம் எழுதிய சீட்டை ஒவ்வொரு வரிசையிலும் சொருகுங்கள். ஒன்றரை, இரண்டு வருடம் நாற்றாகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். கடைசி இரண்டு மாதம் தண்ணீரைக் குறைத்து வெயிலில் பழக்குங்கள்.

நடவு புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள். நம் கரையில் ஆடி மழையை நம்பி நடாதீர்கள், அப்புறம் வரும் வெயிலில் போய்விடும். ஏற்கெனவே புதர் இருக்கும் இடத்தின் ஓரத்தில், அதை ஒட்டி நடுங்கள். தனியாக வெட்ட வெளியில் நட்டதைவிடப் புதரின் நிழலில் நட்டவை எங்களுக்கு அதிகம் பிழைத்திருக்கின்றன. ஆட்டுக்கு வேலியாக நீங்கள் வெட்டிப்போட்ட சீமைக் கருவேல முள்ளையே அடைக்கலாம், காய் இல்லாத கிளையாகப் பார்த்து. முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம், சுற்றிலும் சருகு மூடாக்கு. யார் எந்த வாரம் என்று நடுகிற அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள், தண்ணீருக்கு ஆள் இல்லையென்றால் கன்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நானூறு நட்டுப் படம் எடுப்பதைவிட நாற்பது நட்டு நாற்பதையும் பிழைக்க வைப்பது நல்லது.

இப்படி ஒரு நிலம் மீள்வதைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் ஆரோவில் போங்கள். 1968இல் ஆரம்பித்தபோது செம்மண் அரித்துப்போன மொட்டை மேடு அது. முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களையும் வைத்தார்கள், பின்னால் அந்த நிழலில் நம் காட்டு இனங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அங்குள்ள பிச்சாண்டிக்குளம் காட்டில் அதைப் பார்க்கலாம். 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்டில் தன்னார்வலராகத் தங்கி வேலையும் செய்யலாம்.

அந்த ஏரிக்கரைக்கு நாங்கள் இன்னும் மாதா மாதம் போகிறோம். ஜேசிபி வழித்த இடத்தில், வாளி ஆழமாக இறங்காத பகுதிகளில், அந்த வருட ஐப்பசி மழைக்குப் பிறகு மண்ணுக்குள் கிடந்த தூரிலிருந்து காசான் துளிர்த்தது. முள் அடைத்துவிட்டு வேறு எதுவும் செய்யவில்லை, போன கோடையில் அதில் இரண்டு நீலமாகப் பூத்தன. உங்கள் ஊரிலும் வழித்துப்போட்ட இடம் ஏதாவது இருக்கும், முதல் மழை பெய்து மூன்று வாரம் கழித்து அங்கே போய்க் குனிந்து பாருங்கள். தூரில் துளிர் தெரிந்தால் அங்கே குழி எடுக்க வேண்டாம், சுற்றி முள்ளை அடைத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி போய்ப் பாருங்கள்.